கடைசிக் கட்டத்து மீதி

அத்தியாயம் 11

“இருபது சென்ட்டையும் வித்துக் கடைக் கணக்குல கட்டிர்றேன். அதுக்கப்பறம் யாரும் என்னை ஒண்ணும் கேக்காதீங்க.”

இப்படிச் சொல்லிவிட்டு, பாதிச் சோற்றோடு தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு கருணாகரன் எழுந்து போனதைப் போன வாரம் பார்த்தோம். யாரும் அவரைத் தடுக்கவில்லை. தம்பி மயில்சாமி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு, “கணக்கு பொய் சொல்லாதுங்கண்ணா” என்றான்.

சொன்னது தம்பி. அந்தக் கணக்கை எழுதியது தம்பி பெண்டாட்டி அம்சவேணி. 

மஞ்சூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உரக்கடை, கடைக்கு மேலே வீடு. மாமனார் போன பிறகு எல்லாம் மாமியார் மருதாம்பாள் பேரில்தான் நடந்துகொண்டிருந்தது. பெரியவர் கருணாகரன் கல்லாவில் உட்காருவார். சின்னவன் மயில்சாமி ஜீப்பில் தோட்டம் தோட்டமாக மூட்டை இறக்குவான். சித்திரை முதல் தேதியன்றுதான் பாங்குக் கணக்கை அம்சவேணியிடம் ஒப்படைத்தார்கள். “பி.காம். படிச்சுப்போட்டுப் பருப்பு பொறுக்கிட்டு இருக்கறே. இதை எழுதேன் கண்ணு” என்று மருதாம்பாளே சொன்னார்.

அம்சவேணி நோட்டுப் போடவில்லை. மயில்சாமியின் பழைய கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டாள். தேதி, விவரம், வரவு, செலவு, மீதி. மாமியாரின் செக் நோட்டையும் மயில்சாமி போடும் மெசேஜையும் பார்த்து ஒரு வரி ஏற்றினால் போதும். மேல் கட்டத்து மீதியில் வரவைக் கூட்டிச் செலவைக் கழித்து, புது மீதியை அதுவே எழுதிக்கொள்ளும்.

“கையே வெக்காம எழுதுதே” என்று முதல் நாள் மருதாம்பாள் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அப்புறம் வீட்டில் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். “அம்சா, கடைசிக் கட்டத்துல எவ்வளவு நிக்குது?”

பதினைந்து நாளைக்கு முன்னால் உரக் கம்பெனிக்கு இரண்டு லட்சம் முன்பணம் கட்ட வேண்டி வந்தபோதும் அதைத்தான் கேட்டார்கள். கடைசிக் கட்டத்தில் நாற்பதாயிரம்கூட நிற்கவில்லை.

“ரெண்டு லட்சத்துக்குக் கொறையாம இருக்கோணுமே” என்று கருணாகரன் கல்லாப் பெட்டியைப் பார்த்தார். பழைய பில் கட்டைப் பார்த்தார். நாலு நாள் யாரோடும் பேசவில்லை. ஐந்தாம் நாள், “நாந்தான் எங்கியோ வுட்டிருக்கறேன். எனக்கு இப்பெல்லாம் ஒண்ணும் ஞாபகம் நிக்கறதில்ல” என்று தானே தலையைக் கொடுத்தார். அவர் மனைவி பங்கஜம் அன்னூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு இதொன்றும் தெரியாது.

இத்தனையும் தெரிந்தால் போதும். இன்றைக்குத் திங்கட்கிழமை.

*

“பெரியவன் போயிட்டானா?”

“விடியறப்பவே போயிட்டாருங்க அத்தை. தோட்டத்தை வாங்கற அழகர்சாமிக்கு எல்லை காட்டோணுமாம். மூணு மணிக்கு அட்வான்ஸ் வாங்கிட்டு அக்ரிமெண்ட்டுல கையெழுத்துப் போடறாங்களாம்.”

“சாப்பிட்டானா?”

“காப்பி மட்டும்.”

மருதாம்பாள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். “அந்த இருபது சென்ட் தேயிலைத் தோட்டத்தை அவன் ஒத்தை ஆளா மூட்டை தூக்கிச் சம்பாரிச்சு வாங்குனான். உங்க மாமனாரு பணம் ஒத்தைப் பைசா அதுல இல்ல.”

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சு என்ன பண்ண?”

ராத்திரி முழுக்க அம்சவேணிக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுத்திக்கொண்டிருந்தது. இந்த ஏழு மாசத்தில் ஒரு தடவைகூட யாரும் பாங்குக்குப் போய்க் கணக்கு வாங்கிப் பார்க்கவில்லை. பாங்கிலிருந்து மெசேஜ் வருவது செத்துப்போன மாமனாரின் நம்பருக்கு. அந்த நம்பர் நின்று வருஷமாகிறது. முன்னெல்லாம் கருணாகரன் மாதம் ஒரு தடவை போய்த் தாள் வாங்கி வருவார். கம்ப்யூட்டர் வந்ததும், ‘அதான் ஊட்லயே இருக்குதே’ என்று விட்டுவிட்டார்.

“அத்தை, ஒரு லெட்டர் எழுதறேன், கையெழுத்துப் போடுங்க. பாங்குல போயி கணக்கு வாங்கிட்டு வர்றேன்.”

“அதுல என்ன புதுசா இருக்கப்போகுது?”

“எந்தச் செக்கு என்னிக்குப் போச்சுன்னு இருக்குமுங்க. எங்க போச்சுன்னு தெரிஞ்சா, பழியைச் சொமக்கற மாமா மனசாச்சும் ஆறுமில்லீங்களா?”

மருதாம்பாள் பேனாவை வாங்கி, தமிழில் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். “திருடன் பேரும் அந்தத் தாள்லயே இருந்தா, அங்கியே கிழிச்சுப் போட்டுட்டு வா. எம்பட கண்ணுல காட்டாத” என்றார்.

யாரை மனதில் வைத்து அதைச் சொன்னார் என்று அம்சவேணிக்குப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

*

பாங்கில் செலஸ்டின் மேடம் நாலு தாளை அச்செடுத்து, ஓரத்தில் சீல் குத்தி நீட்டினார். அம்சவேணி நின்றபடியே கடைசித் தாளின் கடைசி வரிக்குப் போனாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

“மேடம், இது எங்க கணக்குதானுங்களா?”

“உங்க மாமியார் பேர் போட்டிருக்கே. கடை பேர் இருக்கு. என்ன சந்தேகம்?”

“மீதிதானுங்க...”

“மீதிக்கு என்ன?”

“கூட இருக்குதுங்க.”

இரண்டு லட்சத்து இருபத்து நாலாயிரத்து இருநூற்று நாற்பது. அவள் கட்டத்தில் இன்றைக்கு நிற்பது முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. நடுவில் ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரத்து அறுநூறு ரூபாய், யாருடையது என்று தெரியாமல் நின்றது.

செலஸ்டின் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “பதினெட்டு வருஷமா கவுண்டர்ல இருக்கேன். பணம் கொறையுதுன்னு சண்டைக்கு வந்தவங்களை நிறையப் பார்த்தாச்சு. கூட இருக்குன்னு மூஞ்சி வெளுத்து நிக்கறது நீங்கதாம்மா.”

“வேற யாரு பணமாச்சும் தப்பா ஏறியிருக்குமுங்களா?”

“அப்படின்னா வரவுல தெரியும். டிக் அடிச்சுப் பாருங்க, பெஞ்சு காலியாத்தான் இருக்கு.”

கொண்டுபோயிருந்த அவளுடைய தாளையும் பாங்குத் தாளையும் மடியில் பரப்பி, பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்தாள். வரவு ஒன்றுகூடப் பிசகவில்லை. செலவுப் பக்கம்தான் பாங்கில் வரி குறைவாக இருந்தது.

திரும்பவும் கவுண்டருக்குப் போனாள். “வரவு சரியா இருக்குதுங்க. செலவுதான் இங்க கொறையுது.”

“அப்ப நீங்க குடுத்த செக்கை வாங்கினவங்க இன்னும் போடலை. சில பேர் மேசைக்குள்ளயே வெச்சிருப்பாங்க. நாளைக்கே எல்லாத்தையும் ஒண்ணாக் கொண்டுவந்தா இந்தப் பணம் கரைஞ்சு போயிடும். உங்க பணம்னு நெனச்சு எடுத்துச் செலவு பண்ணிடாதீங்க.”

உள்ளே வரும்போது குறைந்த பணத்துக்குப் பயந்துகொண்டு வந்தவள், வெளியே போகும்போது கூடின பணத்துக்குப் பயந்துகொண்டு போனாள். மஞ்சூர்க் கடைவீதியில் மழை தூறிக்கொண்டிருந்தது. குடை கையில் இருந்தும் விரிக்கத் தோன்றவில்லை.

*

“கூட இருக்குதா?” மருதாம்பாள் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். “எதுக்குக் கத்தறே. மெல்லச் சொல்லு.”

“நான் கத்தலீங்களே அத்தை.”

“எவ்வளவு கூட?”

சொன்னாள்.

“போச்சு போ. கொறஞ்சா திருடனைத் தேடலாம். கூட இருந்தா யாரைத் தேடறது?” மாமியார் கட்டிலில் உட்கார்ந்தார். “அந்தப் பாங்குக்காரி கிட்டயே திருப்பிக் குடுத்துரலாமா?”

“அவங்க எடுத்துக்க மாட்டாங்க.”

“குடுக்கற பணத்தை எவளாச்சும் வேண்டாம்பாளா? பெரியவனே எங்கியாச்சும் கடன் வாங்கிக் கொண்டாந்து கட்டிப்போட்டானோ?”

“வரவுல ஒண்ணும் புதுசா இல்லீங்க அத்தை. அதைத்தான பாத்துட்டு வந்தேன்.”

“எனக்கு வரவும் தெரியல செலவும் தெரியல. தலைய வலிக்குது.”

அம்சவேணிக்கும் வலித்தது. தரையில் உட்கார்ந்து, பாங்கில் இருக்கிற செலவை எல்லாம் தன் தாளில் அடித்துக்கொண்டே வந்தாள். கம்பெனிக்குப் போனது, கரண்டு பில், ஜீப் இன்சூரன்ஸ், எல்லாம் இருந்தது. கடைசியில் அடிபடாமல் மிஞ்சி நின்ற வரிகளைப் பார்த்தாள். அத்தனையும் ஒரே செலவு. லாரி வாடகை ஆறாயிரத்து நானூறு. லாரி வாடகை ஆறாயிரத்து நானூறு. மேட்டுப்பாளையத்திலிருந்து மூட்டை ஏற்றிவரும் லாரிக்குக் கொடுக்கிற செக்.

எண்ணினாள். இருபத்தொன்பது.

“அத்தை, லாரிக்காரரு நம்ம செக்கைப் போடாமயே வெச்சிருக்காரா?”

“அவனா? செக்கு கைக்கு வந்ததும் எஞ்சினைக்கூட ஆஃப் பண்ணாம பாங்குக்குப் போறவன் அவன்.”

“அப்ப இந்த இருபத்தொம்பது செக்கு எங்கீங்க?”

“எனக்கென்ன தெரியும்? வாரத்துக்கு ரெண்டு நடை வர்றான், ரெண்டு செக்கு வாங்கிட்டுப் போறான்.”

அம்சவேணியின் பென்சில் நின்றது.

“எத்தனை நடைங்க?”

“ரெண்டு. செவ்வாயும் வெள்ளியும். கீழ மூட்டை எறக்கற சத்தம் உனக்குக் கேக்காதா?”

“மூணு நடையின்னு நெனச்சனுங்க.”

“யாரு சொன்னா மூணுன்னு?”

“கணக்குல இருக்குதுங்க. செவ்வாய், வியாழன், சனி.”

“வியாழக்கிழமை லாரி எங்க வருது? உனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இருக்குதா?” மருதாம்பாள் எட்டி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அம்சவேணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “அத்தை, உங்க நோட்டுலதான் வியாழக்கிழமை லாரி வாடகைன்னு எழுதியிருக்கறீங்க. வாராவாரம்.”

“ஆமா. வெள்ளிக்கிழமை செக்கை வியாழக்கிழமையே கையெழுத்துப் போட்டு, தேதியும் அன்னிக்கே போட்டு வெச்சிருவேன். வெள்ளிக்கிழமை ஊட்டை விட்டுப் பணம் போகலாமா? உங்க மாமனாரு இருக்கறப்பவே அப்படித்தான்.”

வெளியே லாரி ஏதோ ஹாரன் அடித்துப் போனது. அம்சவேணி போனை எடுத்தாள். மயில்சாமி மேட்டுப்பாளையத்தில் லோடுக்கு நின்றுகொண்டிருந்தான்.

“ஏனுங்க, வெள்ளிக்கிழமை லாரிக்கு என்னிக்குச் செக்குக் குடுக்கறீங்க?”

“இதென்ன கேள்வி. வெள்ளிக்கிழமை லாரிக்கு வெள்ளிக்கிழமைதான்.”

“அப்ப எனக்கு ஏனுங்க சனிக்கிழமைன்னு மெசேஜ் போடறீங்க?”

அந்தப் பக்கம் குரல் தாழ்ந்தது. “அம்மா பக்கத்துல இருக்குதா?” என்றான் மயில்சாமி.

“இருக்கறாங்க. சொல்லுங்க.”

“வெள்ளிக்கிழமை குடுத்தேன்னு கணக்குல ஏறுனா அம்மா ஒரு வாரத்துக்குப் பாடும். அதான் ஒரு நாள் தள்ளிச் சனிக்கிழமை போடுவேன். அதுக்கென்ன இப்ப?”

அதற்கென்ன இப்போது. அம்சவேணி சுவரில் சாய்ந்தாள்.

மாமியார் நோட்டிலிருந்து ஒரு முறை, புருஷன் மெசேஜிலிருந்து ஒரு முறை, இரண்டு பக்கத்திலிருந்தும் வாங்கிப் பதிந்தால் ஒன்றும் விட்டுப்போகாது என்று அவளே செய்துகொண்ட ஏற்பாடு அது. செக் நம்பரை இரண்டு பேரும் எழுதுவதில்லை; ஒரே நாள், ஒரே தொகை என்றால் ஒன்றுதான் என்று தெரிந்து ஒரு வரி மட்டும் ஏற்றுவாள். செவ்வாய்க்கிழமைச் செக் அப்படித்தான் ஒழுங்காக ஏறியது. வெள்ளிக்கிழமைச் செக்கை மாமியார் ஒரு நாள் முன்னால் தள்ள, புருஷன் ஒரு நாள் பின்னால் தள்ள, ஒரே செக் இரண்டு செக்காகிப் போனது. அவளுக்கு அது இரண்டு நடை லாரி. வாரம் தவறாமல், வராத லாரி ஒன்றுக்கு வாடகை கழிந்துகொண்டே வந்திருக்கிறது. மேல் கட்டத்துத் தப்பைக் கீழ்க் கட்டம் வாங்கி, அதையும் சேர்த்து அதற்குக் கீழ்க் கட்டத்துக்குக் கொடுத்து, ஏழு மாசம். எல்லாரும் பார்த்தது கடைசிக் கட்டத்தைத்தான்.

“அப்ப என்ற நோட்டு தப்புங்கறயா?” என்றார் மருதாம்பாள்.

“உங்க நோட்டும் தப்பில்ல, அவிக மெசேஜும் தப்பில்லீங்க. ரெண்டையும் தனித்தனியா நம்புனனே, அதுதான் தப்பு.”

“பணம்?”

“போகவே இல்லீங்க அத்தை. ஒரு ரூபாகூடப் போகல. மாமா ஒண்ணும் வுடல. அவரு சொன்ன ரெண்டு லட்சம்தான் சரி.”

மருதாம்பாள் கட்டிலை விட்டு எழுந்தார். “மணி என்ன?”

“ஒண்ணேகால்.”

“அவனுக்குப் போனைப் போடு.”

போட்டாள். கீழே கடையில், கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில், சார்ஜரில் மாட்டியிருந்த கருணாகரனின் போன் அடித்தது. அழகர்சாமியின் நம்பருக்குப் போட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொன்னாள்.

“ஓடு” என்றார் மாமியார். “செருப்பைப் போட்டுட்டு ஓடு. நாலு வார்த்தை கணக்குப் பேசிட்டு நிக்காத. மொதல்ல கையெழுத்துப் போடாதீங்கன்னு சொல்லு.”

*

தோட்டத்து வழியாகக் கெத்தை மின் நிலையத்து ஆட்களை ஏற்றிப்போகும் பஸ் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே மூட்டம். பத்தடிக்கு அப்பால் ரோடு இல்லை. அம்சவேணி மடியில் தாளை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை பெருக்கினாள். இருபத்தொன்பது பெருக்கல் ஆறாயிரத்து நானூறு. சரிதான். எட்டு வளைவுக்குள் நாலு தடவை பெருக்கிவிட்டாள். சரியாக வரவர நம்பிக்கை குறைந்தது. ஏழு மாசமும் இந்தக் கணக்கு சரியாகத்தானே வந்துகொண்டிருந்தது?

கண்டக்டர், “எங்கம்மா எறங்கணும்?” என்றதற்குக்கூட, “ஒரு லட்சத்து...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

தோட்டத்து மேட்டில் கருணாகரன் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கவாத்து வெட்டிய தேயிலைச் செடிகள். மழைக்கு ஒரு உரச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

“அம்மாவுக்கு ஏதாச்சுமா?”

“இல்லீங்க மாமா. கையெழுத்துப் போட்டுட்டீங்களா?”

“அட்வான்ஸ் குடுத்துட்டாரு. சாட்சிக்கு ஆளைக் கூட்டிட்டு வரக் கீழ போயிருக்காரு.” சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். “அம்பதாயிரம். எதுக்குங்க அம்மிணி இந்த மழையில?”

மாமியார் சொன்னபடி நாலு வார்த்தையில் சொல்லத்தான் பார்த்தாள். முடியவில்லை. நோட்டு, மெசேஜ், வியாழன், சனி, பாங்குத் தாள் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தது. கருணாகரன் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், முதலிலிருந்து ஒரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள்.

“அப்ப மெஷினு தப்புப் பண்ணிருச்சுங்களா?”

“மெஷின் இல்லீங்க மாமா. நானு.”

“ஒரு ரூபாகூடப் போகலீங்களா?”

“போகலீங்க. இதப் பாருங்க, பாங்கு சீல் போட்டது. நான் அதிகமாக் கழிச்சதை எடுத்துட்டா ரெண்டும் ஒண்ணாயிருதுங்க.”

அவர் தாளை வாங்கினார். மழைத்துளி படாமல் சாக்குக்குள் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் தெளியும் என்று அம்சவேணி காத்துக்கொண்டிருந்தாள். தெளியவில்லை. இன்னும் குழம்பியது.

“அதெப்படீங்க ஒண்ணாகும்?” என்றார்.

“ஏனுங்க மாமா?”

“அப்ப நான் எடுத்த அறுபதாயிரம்?”

“எந்த அறுபதாயிரமுங்க?”

“ஆனி மாசத்துல இருந்து. மாசத்துக்குப் பத்து, பன்னெண்டுன்னு. கல்லாவுல இருந்து.” அவர் செடியைப் பார்த்துப் பேசினார். “நீங்க கொறையுதுன்னு சொன்னீங்களா, நெஞ்சு நின்னு போச்சு. அறுபதுதான எடுத்தோம், ஒண்ணரை லட்சத்துக்கு மேல எப்படிப் போச்சுன்னு நாலு நாளா யோசிச்சேன். அறுபது எடுத்தவன் மீதியையும் எடுத்திருப்பான், மறந்திருப்பான், அப்படீன்னு முடிவு பண்ணிட்டேன். எங்கெங்க குடுத்தேன்னுகூட ஞாபகம் வர ஆரம்பிச்சுருச்சுங்க அம்மிணி. குடுக்காததெல்லாம் குடுத்த மாதிரி.”

“கல்லாவுல இருந்துன்னா... பாங்குல கட்டறக்கு முன்னாலயேங்களா?”

“ஆமாங்க. எடுத்துட்டு மீதியைத்தான் கட்டுவேன்.”

அவளுக்கு மெல்லப் புரிந்தது. அவள் கட்டங்கள் பாங்கில் பணம் கட்டின இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. பாங்குக்கு வராத பணம் அதில் எந்த வரியிலும் வராது. எத்தனை தடவை டிக் அடித்தாலும் வராது. அவர் சொல்லியிருக்காவிட்டால் சாகிறவரை யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் அவள் இந்த மேட்டுக்கு ஓடி வந்தாள்.

“பங்கஜக்காவுக்குத் தெரியுமுங்களா?”

“அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இப்ப உங்களுக்குத் தெரியும்.” சட்டைப்பையிலிருந்து செய்தித்தாளில் மடித்த கட்டை எடுத்தார். “நீங்களே சொல்லுங்க. இதைத் திருப்பிக் குடுக்கறதா, வேண்டாமா? லாரி வாடகைக்காக விக்க வேண்டாம், சரி. அறுபதுக்கு விக்கோணுமில்லீங்களா?”

கீழே பாதையில் பேச்சுக் குரல் கேட்டது. அழகர்சாமி சாட்சிக்கு யாரையோ கூட்டிக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தார்.

அம்சவேணியின் போன் அடித்தது. மாமியார்.

“போயிட்டயா? கையெழுத்துப் போட்டுட்டானா?”

“இல்லீங்க அத்தை. போடல.”

“நல்ல வேளை. சொல்லிட்டயா அவங்கிட்ட?”

“சொல்லிட்டனுங்க.”

“என்ன சொல்றான்? பக்கத்துல இருக்கறானா? பேச்சே கேக்கலயே. கணக்கு எல்லாம் சரியாத்தான இருக்குது?”

கருணாகரன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். சாக்கின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்றும் கண்ணைக் காட்டவில்லை, சொல்லு என்றும் காட்டவில்லை.

“பாங்கும் நம்ம கட்டமும் ஒண்ணா வந்துருச்சுங்க அத்தை” என்றாள் அம்சவேணி. “மாமா வந்துட்டு இருக்காருன்னு நெனச்சுக்குங்க. சோறு வெச்சிருங்க.”

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் கையிலிருந்த கட்டை வாங்கினாள். சேறு வழுக்குகிற பாதையில் இரண்டு மூன்று அடி இறங்கி, ஏறி வந்த அழகர்சாமியை வழியிலேயே நிறுத்தினாள்.

“ஏனுங்க, மன்னிச்சுக்குங்க. தோட்டம் விக்கறதில்லீங்க.”

“இதென்னம்மா வெளையாட்டு? காலையில எல்லை எல்லாம் அளந்தாச்சு. சாட்சிக்கு ஆளு வந்து நிக்குது.”

“கணக்கு எழுதுனது நானு. தப்பா எழுதிப்போட்டேன். பணம் கொறையலீங்க” என்று கட்டை நீட்டினாள்.

“ஊட்டுல கணக்குப் பாக்கறதுக்கு முன்னால ஊரைக் கூப்பிடுவீங்களா?” அழகர்சாமி கட்டைப் பிரித்து, அந்தத் தூறலிலேயே ஒரு தடவை எண்ணினார். கூட வந்த ஆளிடம் கொடுத்து இன்னொரு தடவை எண்ணச் சொன்னார். “ஜீப்புக்கு டீசல் போட்டு வந்திருக்கறேன், அதை யாரு குடுப்பாங்க?”

“கடைக்கு வாங்க. ரெண்டு மூட்டைக்குக் கொறைச்சுப் போடறோமுங்க.”

முனகிக்கொண்டே அவர்கள் இறங்கிப் போனார்கள். மேட்டில் திரும்பிப் பார்த்தால் கருணாகரன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அம்சவேணி மேலே ஏறி, குனிந்து, கீழே விழுந்திருந்த பாங்குத் தாளை எடுத்துத் துடைத்தாள்.

இரண்டு பேரும் ரோட்டுக்கு இறங்கினார்கள். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. அவர் சாக்கை எடுத்து அவள் தலைக்கு நீட்டினார். அவள் வேண்டாம் என்று குடையை விரித்தாள்.

“அம்மிணி.”

“சொல்லுங்க மாமா.”

“யாருக்குக் குடுத்தேன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே.”

அவள் பாங்குத் தாளைப் பாதியாக மடித்தாள். மூட்டத்துக்குள் எங்கேயோ பஸ் வளைவு திரும்புகிற சத்தம் கேட்டது.

“கேட்டா எழுதோணுமுங்க மாமா” என்றாள்.